நான் சேர்த்த எட்டும் நாலும்

எனக்கு வேதியியல் தெரியாது. இரண்டு வருடமாகப் பதினோராம் வகுப்பு வேதியியல் கேள்வித்தாள்களைத் தட்டச்சு செய்கிறேன் என்பதால் தெரியும் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்த கேள்வி வரும்.

வேலை பார்ப்பது மேற்குத் தாம்பரத்தில். ரயில்வே நடைபாலத்திலிருந்து இறங்கியதும் வருகிற சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. முன்பக்கம் ஜெராக்ஸ் மெஷினும் லேமினேஷனும் கடைக்கார அண்ணாவும். பின்பக்கம் ஒரு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், நான். வாடகை ஒப்பந்தம், பயோடேட்டா, கும்பாபிஷேக நோட்டீஸ், ஜெபக்கூட்ட நோட்டீஸ், காணாமல் போன பூனையின் படம் எல்லாம் அடிப்பேன். ஆனால் நிலையான வேலை என்றால் ட்யூஷன் கேள்வித்தாள்கள்தான். சேலையூரிலிருந்து வண்டலூர் வரைக்கும் தெருவுக்கு ஒரு மாடியில் ட்யூஷன் நடக்கிறது. எல்லா மாடியிலும் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்.

நானே ஒரு டெஸ்ட்டிலிருந்து தப்பித்து வந்தவள்தான். பத்தாம் வகுப்பு அரையாண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வீட்டுக் கஷ்டம் என்று சொல்வது வழக்கம், கஷ்டமும் இருந்தது. ஆனால் பொதுத்தேர்வு என்ற சொல்லே எனக்குப் பயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "இந்த அரையாண்டோட நின்னுக்கறியாம்மா?" என்று அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டபோது நான் அழுதேன். படிப்பு போகிறதே என்று அழுகிறேன் என நினைத்து அவரும் அழுதார். பரீட்சை போயிற்றே என்ற நிம்மதி அது. அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த வாரமே ஓர் ஏற்றுமதித் துணி கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்தேன். சட்டைக்கு முன்னால் ஏழு பட்டன், மணிக்கட்டுக்கு ஒன்றொன்று, உள்ளே உபரியாக ஒன்று. பட்டனை எண்ண வேண்டும், பட்டன் நுழைகிற காஜாவை எண்ண வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால் டிக் போட்டுத் தள்ளிவிட வேண்டும். எனக்காகவே செய்த வேலை. வீட்டில் கேஸ் அணைத்தோமா, பூட்டு பூட்டினோமா என்று மூன்று முறை திரும்பி வந்து பார்க்கிறவளுக்கு அதே காரியத்தைச் செய்யச் சம்பளமும் கொடுத்தார்கள். கல்யாணம், மகள், டைப்ரைட்டிங் வகுப்பு என்று என்னென்னவோ வந்து போனபிறகும் அந்த எண்ணும் பழக்கம் மட்டும் விரலை விட்டுப் போகவில்லை.

செம்பாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டு மாடியில் வேதியியல் மட்டும் சொல்லிக்கொடுக்கிற மிஸ் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அவரை மிஸ் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். கேள்வித்தாளைக் கையால் எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் அடித்து, பிழை பார்த்து, அறுபது பிரதி எடுத்து, பழுப்பு உறையில் போட்டு ஒட்டி வைப்பேன்.

ஆரம்பத்தில் ஒருமுறை விடைக்குறிப்பு ஒன்றில் ஒரு '2' விட்டுப்போய்விட்டது. எந்த 2 என்றுகூட எனக்கு நினைவில்லை. பெற்றோர் சிலர் மிஸ்ஸுக்குப் போன் செய்திருக்கிறார்கள். மிஸ் கோபப்படவில்லை. "பரவாயில்லக்கா, அடுத்த தடவை கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார்.

'பாத்துக்கோங்க' என்பதை என்னிடம் யாரும் சொல்லக் கூடாது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகளிடம், "இந்தச் சமன்பாடெல்லாம் சரியா இருக்கான்னு எப்படிடி தெரிஞ்சிக்கறது?" என்று கேட்டேன்.

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் எத்தனை அணு இருக்கோ அந்தப் பக்கமும் அத்தனை இருக்கணும்மா. அவ்ளோதான்."

அவ்ளோதானா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பட்டனும் காஜாவும். இதற்கா பள்ளிக்கூடத்தில் அத்தனை அடி வாங்கினேன்?

அன்றிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டேன். தமிழ் வரிகளையும் சமன்பாடுகளையும் மாறி மாறி அடித்தால் எழுத்துரு குழம்பி, சின்ன எண்களெல்லாம் காலிப் பெட்டிகளாகிவிடும். அதனால் முதலில் சமன்பாடுகளை மட்டும் ஒரு தனித்தாளில் வரிசையாக அடிப்பேன். அதை அச்செடுத்து, பென்சிலால் ஒவ்வோர் அணுவாக எண்ணி, அடியில் டிக் போடுவேன். எல்லாம் ஒத்துப்போனபிறகுதான் தமிழ் வரிகளை அடித்து, அந்தந்த இடத்தில் சமன்பாட்டைக் கொண்டுபோய் ஒட்டுவேன். எழுத்துகளின் தலைமேல் நிற்கிற சின்னச் சின்னக் கூட்டல், கழித்தல் குறிகளை மட்டும் எண்ணுவதில்லை. அவை எனக்குப் பொட்டு மாதிரி. இடம் தப்பாமல் வைத்தால் போதும்.

இந்த முறையில் மிஸ்ஸே எழுதிய இரண்டு பிழைகளைப் பிடித்துவிட்டேன். ஒருமுறை ஓர் ஆக்சிஜன் அதிகம். இன்னொரு முறை ஹைட்ரஜன் குறைவு. இரண்டாவது முறை அவர் கடைக்கே வந்துவிட்டார்.

"அக்கா, நீங்க பிளஸ் டூல ஃபர்ஸ்ட் குரூப்பா?"

நான் சிரித்தேன். எத்தனாவது வரை படித்த சிரிப்பு என்று யாரும் கேட்பதில்லை.

கடைக்கார அண்ணா சும்மா இருக்கவில்லை. "இன்னா மிஸ் அப்டி கேட்டுட்டீங்க. இந்தம்மா சயின்ஸ்ல புலி. தப்பு எங்க கீதுன்னு மோப்பம் புடிச்சே சொல்லிடும்."

மிஸ் தன் வகுப்பில் போய், "நமக்கு டைப் பண்றவங்களே கெமிஸ்ட்ரி படிச்சவங்க" என்று சொன்னதாக மகள் மூலம் கேள்விப்பட்டேன். ஆமாம், அதற்குள் மகள் பிளஸ் ஒன்னுக்கு வந்து அதே மாடியில் சேர்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எந்த காலேஜும்மா?" என்றாள்.

ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகள் என்ற பாடம் முடிந்ததும் ஒரு டெஸ்ட் வைப்பதாக மிஸ் அறிவித்தார். ஐம்பது மார்க். முப்பத்தைந்து எடுத்தவர்கள் காலை பேட்ச், மிஸ்ஸே நடத்துவார். மற்றவர்கள் மாலை பேட்ச். அவருடைய பழைய மாணவர் ஒருவர் நடத்துவார், எட்டு மணிக்கு முடியும். மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. காலை பேட்ச்சில் இடம் கிடைத்தால் நல்ல மார்க் வரும் என்பது அவள் கணக்கு. எட்டு மணிக்கு ஏரிப்பக்கத் தெருவில் நாய்கள் இருக்கும் என்பது என் கணக்கு. எப்படியும் அந்த முப்பத்தைந்து இருவருக்குமே வேண்டியிருந்தது.

நானே மிஸ்ஸிடம் போன் செய்து சொன்னேன். "மிஸ், என் பொண்ணும் எழுதறா. இந்த ஒரு தாளை வேற எங்கயாவது அடிச்சுக்கறீங்களா?"

"உங்களை நம்பாம யாரை நம்பப் போறேன்? அடிங்கக்கா."

நம்பிக்கையைப் போல என்னைப் பயமுறுத்துவது வேறெதுவும் இல்லை. அந்த வாரம் முழுக்க மகளிடம் சாப்பாடு, குளியல் தவிர எதுவும் பேசவில்லை. அடித்த கோப்பை அழித்துவிட்டு, அழித்தவை தங்கும் தொட்டியையும் காலிசெய்துவிட்டு, அது காலியாகத்தான் இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். கேள்வித்தாள் படங்கள் இருந்த போனை வீட்டில் அரிசி டப்பாவுக்குள் வைத்தேன்.

"அம்மா, அரிசி ரிங் அடிக்குது" என்று மகள் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

இத்தனை பாதுகாப்பும் வெளியிலிருந்து வருகிற ஆபத்துக்குத்தான். உள்ளே உட்கார்ந்திருந்தவளை யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை. வழக்கம்போலத் தனித்தாளில் சமன்பாடுகளை அடித்து, பென்சிலை எடுத்தேன். பதினான்காவது கேள்விக்கு உரியது இது:

MnO₄⁻ + Fe²⁺ + H⁺ → Mn²⁺ + Fe³⁺ + H₂O

மாங்கனீசு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. டிக். இரும்பு ஒன்று, ஒன்று. டிக். ஆக்சிஜன் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் ஒன்று.

பென்சில் நின்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மிஸ் கையெழுத்திலும் அப்படித்தான் இருந்தது. பாவம், அவசரத்தில் எழுதியிருப்பார். போன் செய்யலாமா என்றால் வகுப்பு நேரம். ஒரு பிழையை அடுத்தவர் கண்டுபிடித்தால் எனக்கு வருகிற நடுக்கமும், அடுத்தவர் பிழையை நான் கண்டுபிடித்தால் வருகிற நிறைவும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன என்று நினைக்கிறேன். தண்ணீருக்கு முன்னால் ஒரு 4 சேர்த்தேன். உடனே அந்தப் பக்கம் ஹைட்ரஜன் எட்டாகிவிட்டது. சரி, இந்தப் பக்க ஹைட்ரஜனுக்கு முன்னால் ஒரு 8. மறுபடி எண்ணினேன். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று, நாலுக்கு நாலு, எட்டுக்கு எட்டு. நான்கு டிக். வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

அறுபது பிரதி எடுத்து உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன். மிஸ்ஸின் அப்பா வந்து வாங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கடை மதியம் வரை உண்டு. மகள் காலையிலேயே டெஸ்ட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். மை சரியாக விழாத பிரதிகள் மூன்றைக் கிழித்துப் போடுவதற்காக எடுத்தேன். கிழிப்பதற்கு முன் எதையும் ஒருமுறை படித்துவிடுவேன். கிழித்தபிறகு எதையாவது கிழித்துவிட்டோமோ என்று தோன்றாமல் இருப்பதற்காக. பதினான்காவது கேள்வியின் தமிழ் வரி கண்ணில் பட்டது. நானே அடித்த வரி.

'பின்வரும் சமன்பாட்டை அயனி-எலக்ட்ரான் முறையில் சமன் செய்க.'

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. டெஸ்ட் தொடங்கி இருபது நிமிடம் ஆகிவிட்டது.

இதுவரை மிஸ் இப்படிக் கேட்டதே இல்லை. இன்னதும் இன்னதும் வினைபுரிவதற்கான சமன்பாட்டை எழுதுக என்று சொற்களில்தான் கேட்பார். இந்தமுறை வேண்டுமென்றே எண்கள் இல்லாமல் ஒரு சமன்பாட்டைக் கொடுத்து, அதைச் சரிசெய்வது பிள்ளைகளின் வேலை என்று விட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு முன்னால் நான் செய்துவிட்டேன்.

"அண்ணா."

"இன்னாமா, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"கேள்வியிலயே பதிலை அடிச்சுட்டேன்."

"எல்லா கேள்விலயுமா?"

"ஒண்ணுலதான். மூணு மார்க்."

அண்ணா மெஷினுக்குத் தாள் அடுக்கிக்கொண்டே சிரித்தார். "மூணு மார்க்குதான? பசங்க வாழ்த்திகினு போவும். வுடு."

"என் பொண்ணும் எழுதறா அண்ணா."

அவர் அடுக்குவதை நிறுத்தினார்.

"பேஜார்தான்" என்றார் பிறகு. "நீ ஒண்ணும் வாயத் தொறக்காத. அந்த மிஸ்ஸு தானே அப்டி எழுதிட்டோம்னு நெனச்சிக்கும். டீச்சருங்களுக்கு அவங்க எழுதனதே ஞாபகம் இருக்காது."

"கண்டுபிடிச்சுட்டா?"

"கண்டுபுடிச்சா அப்போ அழு. இப்பவே எதுக்கு அட்வான்ஸா அழுவுற?"

அட்வான்ஸாக அழுவதுதான் என் தொழில் என்பது அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் மகளிடம், "எப்படி எழுதினே?" என்றேன். "நல்லாதான்" என்றாள். பதினான்காவது கேள்வி என்ன ஆயிற்று என்று நாக்கின் நுனிவரை வந்தது. கேட்டால், கேள்வித்தாளை வைத்துப் பேசிய குற்றமும் சேர்ந்துகொள்ளும் என்று விழுங்கினேன். அதன்பிறகு படுத்துக்கொண்டு வரிசையாக நினைத்தேன். மிஸ் கண்டுபிடிப்பார். பெண்ணுக்காகச் செய்தாள் என்பார். மகளை எழுப்பி அனுப்புவார். தெருவில் பேசுவார்கள். எந்த நர்சிங் கல்லூரியிலும் இதைக் கேட்பார்கள். கல்லூரிவரை போனபிறகு, ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் தட்டு வைக்கச் சொன்னதால் அங்கேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை மாலை, அண்ணாவின் அறிவுரையைத் தலையில் வைத்துக்கொண்டே ஷேர் ஆட்டோ ஏறிச் செம்பாக்கம் போனேன். நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். யாரோ ஒருநாள் கண்டுபிடிப்பார்கள் என்று வருடக்கணக்கில் காத்திருப்பதைவிட, அன்றைக்கே திட்டு வாங்கிக்கொள்வது உடம்புக்குச் சுலபம்.

மிஸ் மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் திருத்திமுடித்த விடைத்தாள் கட்டு. "வாங்கக்கா, என்ன இவ்ளோ தூரம்?"

நின்றபடியே சொன்னேன். பதினாலாவது கேள்வி. நான்தான் எண்கள் சேர்த்தேன். மிஸ் எழுதியதில் இல்லை.

மிஸ்ஸுக்குப் புரியவே கொஞ்ச நேரமானது. அண்ணா சொன்னது சரிதான். அந்த எட்டையும் நாலையும் தானே கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திருத்தியிருக்கிறார். போனை எடுத்துத் தான் அனுப்பிய படத்தைப் பார்த்தார். கேள்வித்தாளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். நான் வராமல் இருந்திருந்தால் இந்த விஷயம் உலகத்திலேயே இருந்திருக்காது.

"அக்கா" என்றார் மெதுவாக. "இது விடையில பாதி."

"ஆமாம் மிஸ்."

"உங்க பொண்ணு இந்த டெஸ்ட் எழுதியிருக்கா."

"ஆமாம் மிஸ்."

"வேற யாராவது பேரண்ட்டுக்குத் தெரிஞ்சா நான் என்ன பதில் சொல்றது? கெமிஸ்ட்ரி படிச்சவங்க, தெரியாம பண்ணிட்டாங்கன்னா?"

இதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. "நான் கெமிஸ்ட்ரி படிக்கல மிஸ். பத்தாவதே முடிக்கல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம் எப்படி என் மிஸ்டேக்கெல்லாம் கண்டுபிடிச்சீங்க?"

"எண்ணுவேன்."

"எதை?"

"ரெண்டு பக்கமும்."

மிஸ் என்னையே பார்த்தார். பிறகு விடைத்தாள் கட்டை இழுத்து, ஒவ்வொன்றாகப் புரட்டினார். என் மகளுடைய தாள் எது என்று தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. அவள் எழுத்து என் எழுத்து மாதிரி, வரிக்கு வெளியே போகப் பயப்படுகிற எழுத்து. மிஸ் அதை உருவியெடுத்தார். அவருடைய விரல் பதினான்கில் போய் நின்றது. அவள் சரியாக எழுதியிருந்தால் நான் திருடி. வேறெப்படியும் இல்லை. பெற்ற மகள் தப்பாக எழுதியிருக்க வேண்டுமே என்று ஒரு தாய் சாமியை வேண்டிக்கொண்ட இடம் அந்த மாடியாகத்தான் இருக்கும்.

சாமி கேட்டுவிட்டது.

மிஸ் தாளை என் பக்கம் திருப்பினார். சமன்பாட்டை அப்படியே எடுத்து எழுதியிருந்தாள். மாங்கனீசுக்கு அடியில் ஒரு டிக். இரும்புக்கு அடியில் ஒரு டிக். ஆக்சிஜன், டிக். ஹைட்ரஜன், டிக். கீழே அழகாக ஒரு வரி: 'இச்சமன்பாடு ஏற்கெனவே சமனாக உள்ளது.' பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு முட்டை.

"பாருங்க" என்றார் மிஸ். "நீங்க கேள்வியில பண்ண அதே தப்பை அவ பதில்ல பண்ணியிருக்கா. லீக் பண்றவங்க கரெக்டான ஆன்சரைத்தான் லீக் பண்ணுவாங்க."

"தப்பா மிஸ்? ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுதே."

"உட்காருங்கக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "அணுவெல்லாம் ஒத்துப்போகுது. மேல இருக்கற சார்ஜைக் கூட்டுங்க. இந்தப் பக்கம் மைனஸ் ஒண்ணு, பிளஸ் ரெண்டு, பிளஸ் எட்டு. எவ்ளோ?"

நான் விரலை மடக்கினேன். "ஒன்பது."

"அந்தப் பக்கம் ரெண்டும் மூணும்?"

"அஞ்சு."

"ஒன்பதும் அஞ்சும் சமமா? மாங்கனீசுக்கு அஞ்சு எலக்ட்ரான் வேணும். ஒரு இரும்பு ஒண்ணுதான் குடுக்கும். அப்ப எத்தனை இரும்பு வேணும்?"

"அஞ்சு."

"ரெண்டு பக்கமும் அஞ்சு இரும்பு போட்டுப் பாருங்க."

போட்டேன். இந்தப் பக்கம் பதினேழு. அந்தப் பக்கமும் பதினேழு. நான் பொட்டு என்று நினைத்து வைத்துக்கொண்டிருந்ததெல்லாம்தான் கணக்கே.

துணிக் கம்பெனியில் ஒருமுறை ஒரு லாட் சட்டை முழுவதும் திரும்பி வந்தது. பட்டன் ஏழு, காஜா ஏழு, தையல் சரி, எல்லாவற்றிலும் என் டிக். ஒரு கையை ஒரு துணி உருளையிலிருந்தும் இன்னொரு கையை வேறோர் உருளையிலிருந்தும் வெட்டியிருக்கிறார்கள். வெயிலில் காட்டினால் இரண்டு கையும் இரண்டு நீலம். "எண்ணிக்கை சரிதானே சார்" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் சட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். செம்பாக்கத்து மாடியில் மிஸ் அந்தத் தாளைப் பிடித்திருந்ததும் அப்படித்தான் இருந்தது.

"அப்ப கேள்வியே தப்பா போச்சே மிஸ்" என்றேன்.

"எங்க தப்பு?" மிஸ் கேள்வித்தாளை மறுபடி படித்தார். "சமன் செய்கன்னு கேட்டிருக்கோம். நீங்க குடுத்ததும் சமனா இல்லையே. கேள்வி கரெக்ட்தான்." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க சரியாத் திருத்தியிருந்தாதான் கேள்வி கெட்டுப்போயிருக்கும்."

நான் இத்தனை பயந்தது வீண். என் திருத்தம் தப்பாக இருந்ததால் கேள்வி பிழைத்துவிட்டது. என் மகள் தப்பாக எழுதியதால் நான் பிழைத்துவிட்டேன். மனம் லேசாகி, வீட்டுக்குக் கிளம்ப எழுந்தபோதுதான் தாளின் மேல்மூலையில் வட்டமிட்டிருந்த எண் தெரிந்தது. முப்பத்து மூன்று.

மிஸ்ஸும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று வந்திருந்தால் முப்பத்தாறு.

"நாலஞ்சு பேர் இவளை மாதிரியே எழுதியிருக்காங்க" என்றார். "மத்தவங்க அஞ்சு போட்டுட்டாங்க. நான் மார்க்கை மாத்த முடியா..."

"மாத்தாதீங்க மிஸ்." அவர் முடிக்கும் முன்னே சொல்லிவிட்டேன். கேட்டவர்களுக்குப் பெருந்தன்மை மாதிரி இருந்திருக்கும். மாற்றினால் யார் யார் என்ன சொல்வார்கள் என்ற பட்டியல் என்னிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாட்டர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"நீ தொடாம விட்டிருந்தா நான் ஸ்டெப் ஸ்டெப்பா போட்டிருப்பேம்மா. எனக்கு அந்த மெத்தட் நல்லாத் தெரியும். இதுல பாத்த உடனே எல்லாம் கரெக்டா இருந்துச்சு. டிக் போட்டுட்டேன்."

"எதுக்குடி டிக் போட்ட?"

"பழக்கம்."

யாருடைய பழக்கம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் சும்மா இருக்க முடியாமல், "ரெண்டு பக்கமும் அணு சமமா இருந்தா அவ்ளோதான்னு நீதானே சொன்னே" என்றேன்.

"நான் அப்போ டென்த்மா" என்றாள். "நீ இன்னும் அதையே புடிச்சிக்கிட்டிருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அரிசி டப்பா மட்டும் திறந்து கிடந்தது. போனை எடுத்தபோது நான்தான் மூட மறந்திருந்தேன். நான் எதையாவது மூட மறந்தது அதுவே முதல் தடவை.

இப்போது அவள் மாலை பேட்ச். வாரத்தில் மூன்று நாள் ஏழே முக்காலுக்கே போய் மாடிப்படியின் கீழே நிற்கிறேன். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காத இரண்டு நாய்களுக்காக நான் ஒரு குடை வைத்திருக்கிறேன். மிஸ்ஸின் பழைய மாணவர் நன்றாகத்தான் நடத்துகிறார். குரல் கீழே வரைக்கும் கேட்கிறது. "சார்ஜ் பாத்தீங்களா? சார்ஜ் பாத்தீங்களா?" என்று அடிக்கடி கேட்கிறார். என் மகள்தான் முதலில் பதில் சொல்கிறாள். குடைக்கம்பியில் விரல் வைத்து நானும் ஒரு கணக்கு போடுகிறேன். சில சமயம் அவளுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. யாரிடமும் சொல்வதில்லை.

மிஸ் எனக்கு வேலை அனுப்புவதை நிறுத்துவார் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். நிறுத்தவில்லை. அடுத்த கேள்வித்தாள் வந்தது. வழக்கமான நீல மை எழுத்துக்குப் பக்கத்தில், பதினொன்றாவது கேள்வியைச் சுற்றிச் சிவப்பில் ஒரு பெட்டி. பெட்டிக்கு மேலே எழுதியிருந்தார்: 'அக்கா, இது தப்பாவே இருக்கட்டும். தொடாதீங்க.'

Cr₂O₇²⁻ + Fe²⁺ + H⁺ → Cr³⁺ + Fe³⁺ + H₂O

குரோமியம் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஒன்று. ஆக்சிஜன் ஏழு, அந்தப் பக்கம் ஒன்று. அடித்துமுடித்ததும் விரல்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கே என்ன எண் வர வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும், தலைமேல் இருப்பதையும் சேர்த்து. இரண்டு பக்கமும் இருபத்து நான்கு வரும். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, எதையும் சேர்க்காமல் அறுபது பிரதிக்குக் கொடுத்தேன்.

அச்சாகி வந்த கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தபோது கடைக்கார அண்ணா எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, இன்னும் எண்ணிகினு கீற? அதான் தொடாதன்னு எழுதிக் குடுத்துட்டாங்களே."

"தொடல அண்ணா. தப்பு எல்லாத் தாள்லயும் சரியா விழுந்திருக்கான்னு பாக்கறேன்."